‘ரேஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு இடத்துக்கு ஏற்ற அர்த்தம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மின்னஞ்சலுக்குப் பதில் போடும்போது தலைப்பின் முன்னால் தானாக வந்து உட்காரும் ‘ரி:’ என்பதை ‘ரிப்ளை’யின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மின்னஞ்சல் வடிவத்துக்கான தரநிலை ஆவணம் அதை ‘இன் ரே’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் என்கிறது. ‘இந்த விவகாரத்தில்’ என்று அர்த்தம். அந்த ‘ரே’ பிறந்த இடம் ‘ரேஸ்’ என்ற பெயர்ச்சொல்.

மாலை நேரத்தில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு லத்தீன் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவர்களுடைய நோட்டுகளைத் திருத்தும்போது அதிகமாகச் சிவப்பு மை வாங்குவது கடினமான வினைச்சொற்கள் அல்ல, இந்த ஓரசைச் சொல்தான். அகராதியில் முதலில் இருக்கும் ‘பொருள்’ என்பதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் விடையை வைத்துத்தான் நடக்கும். இரண்டு மூன்று மாதம் லத்தீன் படித்து, சின்னச் சின்ன மூல வாக்கியங்களைத் தொடத் தொடங்கியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சட்டம் படிப்பவர்கள் நேராக எட்டாம் படிக்குப் போக ஆசைப்படுவார்கள். மூன்றையும் நான்கையும் மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு சின்ன ஏற்பாடு: ‘பொருள்’ என்ற தமிழ்ச்சொல்லுக்கே பல அர்த்தம் இருப்பதால், இந்தக் கட்டுரையில் ‘மீனிங்’ என்று சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் ‘அர்த்தம்’ என்றே எழுதுகிறேன். இல்லையென்றால் இரண்டாம் படியிலேயே குழம்பிவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சொல்லின் வடிவங்கள். ரேஸ் ஐந்தாம் வகைப் பெயர்ச்சொல், இலக்கணப்படி பெண்பால். மனப்பாடம் ஆகாவிட்டால் நோட்டின் உள் அட்டையில் எழுதி வையுங்கள்.

ஒருமை: எழுவாய் ரேஸ், ‘ஐ’ வேற்றுமை ரெம், ‘உடைய’ ரெயீ, ‘கு’ ரெயீ, நீங்கல் (‘ஆல், இலிருந்து, இல்’) ரே.

பன்மை: எழுவாய் ரேஸ், ‘ஐ’ ரேஸ், ‘உடைய’ ரேரும், ‘கு’ ரேபுஸ், நீங்கல் ரேபுஸ்.

தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு லாபம் இருக்கிறது. லத்தீன் நூல்கள் பெரும்பாலும் குறில் நெடிலைக் குறிப்பதில்லை. நம்மிடம் எ-ஏ, ஒ-ஓ இரண்டுமே தனித்தனியாக இருக்கின்றன. ‘ரெம்’ குறில், ‘ரே’ நெடில் என்று முதல் நாளே எழுதிப் பழகினால் பின்னால் காதே திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது, முதல் இரண்டு வகைப் பெயரடைகளின் விகுதிகள். ரேஸ் பெரும்பாலும் ஒரு பெயரடையோடு கைகோத்துத்தான் வரும். எந்தப் பெயரடை அதோடு சேர்கிறது என்பதை விகுதிதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஒரு பெரிய அகராதி. 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போதும். சட்டைப்பை அகராதிகள் இந்தச் சொல்லுக்கு மட்டும் உதவாது. ‘பொருள், விஷயம், காரியம், சொத்து, வழக்கு’ என்று ஒரு வரியில் கொட்டிவிட்டுப் போய்விடும், எதை எங்கே எடுப்பது என்று சொல்லாது.

நான்காவது பென்சில். பேனா வேண்டாம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

2. ரேஸ் வரும் இடத்தைக் காலியாக விடுங்கள்

வாக்கியத்தின் மற்ற எல்லாச் சொற்களுக்கும் தமிழ் எழுதிவிட்டு, ரேஸ் இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். அந்த நேரத்தில் ‘பொருள்’ என்று எழுதிவிட்டால் கண் அதிலேயே நின்றுவிடும். பிறகு வாக்கியம் முழுவதையும் அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி வளைப்பீர்களே தவிர, அதை அழிக்க மனம் வராது.

தமிழர்களுக்கு இந்தப் பொறி கொஞ்சம் ஆழமானது. ‘பொருள்’ ரேஸுக்கு அவ்வளவு நெருங்கிய உறவு. கையில் எடுக்கும் வஸ்து, செல்வம், சொல்லின் உள்ளடக்கம் மூன்றையும் நம் சொல் தாங்கும். திருக்குறளின் பொருட்பாலில் அரசன், அமைச்சன், நாடு, அரண், படை எல்லாம் வருகின்றன. ரோமர்களின் ‘ரேஸ் பூப்லிக’வும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். பத்தில் மூன்று இடத்தில் ‘பொருள்’ அழகாகப் பொருந்திவிடுவதால்தான் மீதி ஏழில் நாம் ஏமாறுகிறோம்.

3. அது ரேஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

தேவையில்லாத படி என்று தோன்றும். ஒவ்வொரு புதுக் குழுவிலும் யாராவது ஒருவர் இங்கேதான் விழுகிறார்.

சீசரின் போர்க்குறிப்புகளில் ‘ரேமீஸ்’ என்று வந்தால் அது ரேஸின் வடிவம் இல்லை. ‘துடுப்புகளால்’ என்று இருக்கலாம், அல்லது ரேமீ என்ற கால்லியக் குலத்தைக் குறிக்கலாம். பிரான்சின் ரான்ஸ் நகரத்துக்குப் பெயர் கொடுத்த குலம் அது. ரேஸின் வடிவங்களில் ‘மீஸ்’ என்று முடிவது எதுவுமே கிடையாது. உள் அட்டைப் பட்டியலைப் பார்த்தால் ஒரு நொடியில் தீரும்.

இதைவிடக் கள்ளமானது ‘ரெயுஸ்’. குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்று அர்த்தம். இதன் ‘உடைய’ வடிவமும் எழுவாய்ப் பன்மையும் ‘ரெயீ’ என்றே எழுதப்படும். ரேஸின் ‘ரெயீ’யும் எழுத்தில் அச்சாக அதேதான். சட்ட மாணவர்கள் அடிக்கடி சொல்லும் ‘மென்ஸ் ரேயா’வில் இருப்பது ரெயுஸின் பெண்பால், ‘குற்றமுள்ள மனம்’. அதை ரேஸோடு சேர்த்து ‘பொருளின் மனம்’ என்று ஒருவர் எழுதி வந்தார். அன்று வகுப்பு வேறு எதையும் படிக்கவில்லை.

‘ரெயீ’யைக் கண்டால் பக்கத்தில் நீதிமன்ற வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. வேற்றுமையையும் எண்ணையும் முடிவு செய்யுங்கள்

அர்த்தத்துக்கு முன்னால் இலக்கணம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வரும் பிழைகளே அதிகம்.

‘ரேஸ்’ என்ற ஒரே வடிவம் மூன்று வேலை பார்க்கிறது: ஒருமை எழுவாய், பன்மை எழுவாய், பன்மை ‘ஐ’ வேற்றுமை. ரேஸை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, வினையைப் பாருங்கள். ‘ரேஸ் பொன எஸ்த்’ என்றால் ஒருமை, ‘ரேஸ் பொனை ஸுந்த்’ என்றால் பன்மை, ‘ரேஸ் விதெயோ’ (நான் காண்கிறேன்) என்றால் ‘ஐ’ வேற்றுமைப் பன்மை.

பன்மை என்று தெரிந்ததும் ‘பொருட்கள், விஷயங்கள்’ என்று ‘கள்’ போடக் கை பரபரக்கும். தமிழில் அஃறிணைக்கு அது கட்டாயம் இல்லை. நாலு பழம் வாங்கினேன் என்கிறோம். லத்தீன் பன்மை ரேஸ் தமிழில் பெரும்பாலும் ஒருமையாக வந்து அமைதியாக நின்றுகொள்ளும்.

அடுத்தது நீங்கல் வேற்றுமை. லத்தீனின் இந்த ஒரு வேற்றுமை நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. ‘ரே’ வந்தால் ‘ஆல்’, ‘இலிருந்து’, ‘இல்’ மூன்றையும் போட்டுப் பாருங்கள். படங்களை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் புதிருக்கு ‘ரீபஸ்’ என்று பெயர். அது ரேபுஸ்தான், ‘பொருள்களால்’. அங்கே ‘ஆல்’ வென்றது.

‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் எந்த வேற்றுமை வருகிறது என்பதும் முக்கியம். நீங்கல் வந்தால் ‘உள்ளே இருக்கிறது’, ‘ஐ’ வேற்றுமை வந்தால் ‘உள்ளே போகிறது’. கதையை நடுவிலிருந்து தொடங்குவதை விமர்சகர்கள் ‘இன் மெதியாஸ் ரேஸ்’ என்பார்கள். ரோமக் கவிஞர் ஹொரேஸ் சொன்ன தொடர் இது. நல்ல கதைசொல்லி கேட்பவரை நிகழ்ச்சிகளின் நடுவுக்குள் இழுத்துக்கொண்டு போகிறான் என்பது அவர் கருத்து. போவதால் ‘ஐ’ வேற்றுமைப் பன்மை. இதையே ‘இன் மீடியா ரெஸ்’ என்று எழுதுவதை நிறையப் பார்க்கலாம். ‘மெதியாஸ்’ பன்மை என்பது தெரிந்தால் அந்தப் பிழை வராது.

5. பக்கத்தில் நிற்கும் பெயரடையைப் பிடியுங்கள்

பாதிச் சிக்கல் இந்தப் படியில் அவிழ்ந்துவிடும். ரேஸ் கிட்டத்தட்ட ஒரு காலிப் பாத்திரம், பெயரடைதான் அதில் ஊற்றப்படுவது. எனவே பெயரடையை முதலில் தமிழாக்கி, அதற்கு எந்தப் பெயர்ச்சொல் இயல்பாக ஒட்டும் என்று தேடுங்கள். ரேஸுக்கு என்று தனித் தமிழ்ச்சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள்.

ரேஸ் பூப்லிக: பொதுக்காரியம், அரசு, நாடு. ‘ரிபப்ளிக்’ இதிலிருந்து வந்ததால் எல்லோரும் ‘குடியரசு’ என்று எழுதுகிறார்கள். மன்னராட்சிக்கு எதிரான ஆட்சிமுறை என்ற நம் இன்றைய அர்த்தம் அந்தச் சொல்லில் கட்டாயம் இல்லை. அகஸ்டஸ் பேரரசராக இருந்த காலத்து நூல்களிலும் இதே சொல் வருகிறது. அங்கே ‘குடியரசு’ என்று எழுதினால் வரலாறே மாறிப்போகும். சந்தேகம் என்றால் ‘நாடு’ என்று எழுதுங்கள், பெரும்பாலும் காப்பாற்றும்.

இந்தத் தொடரில் இரண்டு சொல்லும் வேற்றுமை ஏற்கும்: ரெயீ பூப்லிகை, ரெம் பூப்லிகம், ரே பூப்லிகா. சேர்த்து ஒரே சொல்லாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். பின்பாதியை மட்டும் மாற்றி எழுதுவது புதியவர்களின் நிரந்தரப் பிழை.

ரோமப் பேச்சாளர் சிசெரோவின் ஒரு வரையறை இந்த இடத்தில் நல்ல பயிற்சி: ‘ரேஸ் பூப்லிக ரேஸ் பொபுலீ’. முதல் ரேஸுக்குக் ‘குடியரசு’, இரண்டாவதற்குப் ‘பொருள்’ என்று எழுதினால் ‘குடியரசு மக்களின் பொருள்’ என்றாகும். வாக்கியம் தப்பில்லை, உயிர்தான் இல்லை. ஒரே சொல் இரண்டு முறை வருவதில்தான் அவருடைய வாதமே இருக்கிறது. ‘பொதுக்காரியம் என்பது மக்கள் காரியம்’ என்று நான் எழுதிக்கொடுப்பேன். ஒரே வாக்கியத்தில் ரேஸ் இரண்டு முறை வந்தால், இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

ரேஸ் ஃபமிலியாரிஸ்: குடும்பச் சொத்து. ‘குடும்ப விஷயம்’ என்று எழுதிவிட்டு, ஏன் ஒருவன் தன் குடும்ப விஷயத்தை விற்றான் என்று கேட்டவர் உண்டு.

ரேஸ் ஃப்ரூமெந்தாரிய: படைக்கான தானிய ஏற்பாடு. சீசரைப் படிக்கத் தொடங்கியதும் முதல் சில பக்கங்களிலேயே சந்திப்பீர்கள். ‘தானியப் பொருள்’ என்று எழுதினால் மூட்டை மட்டும் தெரியும். வாங்குவது, திரட்டுவது, வண்டியில் கொண்டுவருவது எல்லாம் இதில் அடக்கம்.

ரேஸ் மீலிதாரிஸ் போர்க்கலை. ரேஸ் ரூஸ்திக வேளாண்மை. இரண்டிலும் சிக்கல் இல்லை.

ரேஸ் தீவீன: பலி, வழிபாட்டுச் சடங்கு. ‘ரெம் தீவீனம் ஃபகெரெ’ என்றால் சடங்கு செய்வது. ‘தெய்வீகப் பொருளைச் செய்தான்’ என்று எழுதினால் சிற்பி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரேஸ் ஸெகுந்தை, ரேஸ் அத்வெர்ஸை: நல்ல காலம், கெட்ட காலம். ‘ஸெகுந்துஸ்’ என்றதும் ‘இரண்டாவது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதன் அடிப்படை ‘பின்தொடர்வது’. பின்னால் வரும் காற்று கப்பலுக்குச் சாதகம், அதனால் ‘சாதகமான’. ‘இரண்டாம் பொருட்கள்’ என்ற தொடரை இதுவரை நான்கு நோட்டில் அடித்திருக்கிறேன்.

ரேஸ் கெஸ்தை: செய்த செயல்கள், சாதனைகள். அகஸ்டஸ் தன் வாழ்நாள் செயல்களை விவரித்துப் பொறிக்கச் செய்த நெடிய கல்வெட்டுக்கு இதுதான் பெயர். இருப்பதில் முழுமையான பிரதி துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது. சோழர் கல்வெட்டு படித்தவர்களிடம் ‘மெய்க்கீர்த்தி’ என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு வித்தியாசம், அகஸ்டஸ் ‘நான் செய்தேன், நான் கொடுத்தேன்’ என்று தன்மையிலேயே பேசுகிறார். அதனால் உதாரணமாகச் சொல்லலாம், மொழிபெயர்ப்பாகப் போட வேண்டாம்.

ரேஸ் நொவை: இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ‘புதிய பொருட்கள்’ என்று எழுதுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது, ஆனாலும் முழுத் தவறு. புதியவை என்றால் ரோமர்களுக்கு அரசியல் புரட்டல், ஆட்சிக் கவிழ்ப்பு, கலகம். தும்னோரிக்ஸ் என்ற கால்லியத் தலைவனைச் சீசர் ‘குபிதும் ரேரும் நொவாரும்’ என்கிறார். என் முதல் வருட நோட்டில் அவன் ‘புதுப் பொருள்களில் ஆசை உள்ளவன்’ என்று இருக்கிறது, தீபாவளிக்குக் கடைவீதி போகிறவன் மாதிரி. ‘கலகத்துக்குத் துடிப்பவன்’ என்பதே சரி.

1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைமை பற்றி வெளியிட்ட சுற்றுமடல் ‘ரேரும் நொவாரும்’ என்றே அழைக்கப்படுகிறது. சுற்றுமடல்களுக்கு அவற்றின் தொடக்கச் சொற்களே பெயராகும். அதைப் ‘புதியன பற்றி’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முதல் வாக்கியத்தை முழுக்கப் படித்தால், நாடுகளைக் கலக்கிவரும் புரட்சி வேட்கையைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெரியும்.

6. பெயரடை இல்லையா? வினையைப் பாருங்கள்

தனியாக நிற்கும் ரேஸுக்கு வினைதான் சாவி.

‘கெரெரெ’ (நடத்து) வந்தால் பெரும்பாலும் போர் அல்லது நிர்வாகம். ‘ரெம் பெனெ கெரெரெ’ என்றால் சண்டையில் நன்றாகச் சாதிப்பது. ‘பொதீரீ’ வந்தால் அதிகாரம், ‘ரேரும் பொதீரீ’ ஆட்சியைக் கைப்பற்றுவது. இந்த வினை வழக்கமாக நீங்கல் வேற்றுமையைக் கேட்கும். இந்தத் தொடரில் மட்டும் ‘உடைய’ வடிவம் வருகிறது என்று தடுமாற வேண்டாம், மரபு அப்படி.

‘ஃபகெரெ’ (செய், பண்ணு) வந்தால் பணம். தமிழர்கள் கொண்டாட வேண்டிய இடம் இது. ஹொரேஸின் நிருபங்களில் முதலாவதில் ஓர் உலக ஞானி அறிவுரை சொல்கிறான்: ‘ரெம் ஃபகியாஸ், ரெம், ஸீ பொஸ்ஸீஸ், ரேக்தே, ஸீ நோன், க்வோகும்க்வெ மொதோ, ரெம்.’ பணம் பண்ணு. முடிந்தால் நேர்வழியில், முடியாவிட்டால் எப்படியாவது பணம். ‘பணம் பண்ணு’ என்ற நம் பேச்சுவழக்கு சொல்லுக்குச் சொல் உட்காருகிறது. இலக்கிய நடையில் வேண்டுமா? ‘செய்க பொருளை’ என்று 759ஆம் குறள் தொடங்குகிறது. ‘ஃபகியாஸ்’ என்ற ஏவல் சாயலுக்குக்கூடச் ‘செய்க’ ஒத்துப்போகிறது. அறிவுரையின் இரண்டாம் பாதிக்கு மட்டும் வள்ளுவரிடம் இடம் கிடைக்காது.

‘வா, திரும்பு, போய்ச்சேர்’ போன்ற வினைகள் வந்தால் நிலைமை. ‘ரேஸ் அத் திரியாரியோஸ் ரெதியித்’ என்பது ரோமர்களின் பழமொழி. திரியாரியர் என்போர் படையின் மூன்றாவது, கடைசி வரிசை வீரர்கள். முதல் இரண்டு வரிசையும் முடியாமல் பின்வாங்கிய பிறகே அவர்கள் எழுவார்கள். ‘நிலைமை கடைசி வரிசைவரை வந்துவிட்டது’ என்று எழுதலாம். ‘கழுத்துமட்டும் வந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினார். திருத்தவில்லை, பக்கத்தில் ஒரு சரி போட்டேன்.

7. உறைந்த தொடர்களைத் தனியாக எடுத்து வையுங்கள்

சில தொடர்களில் ரேஸுக்குத் தனி அர்த்தம் தேடவே கூடாது. மொத்தமாக ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

‘க்வம் ஒப் ரெம்’, ‘க்வாரே’ இரண்டும் ‘எனவே’ அல்லது ‘ஏன்’. ‘ரே வேரா’ என்றால் ‘உண்மையில்’. ‘ரே’யும் ‘வெர்போ’வும் எதிரெதிரே நின்றால் ‘செயலில்’, ‘சொல்லில்’.

‘ப்ரோ ரே நாதா’ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மருந்துச்சீட்டில் ‘பி.ஆர்.என்.’ என்று டாக்டர் எழுதுவது இதன் சுருக்கம். ‘எழுந்த நிலைமைக்கு ஏற்ப’, அதாவது தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடுங்கள். ‘நாதா’ என்பதற்குப் ‘பிறந்த’ என்று அகராதி சொல்வதால் பிரசவத்தோடு சம்பந்தப்படுத்துகிறார்கள். சம்பந்தமே இல்லை.

இந்தப் படியை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தொடர்களை முதலிலேயே மனப்பாடம் செய்தவர்கள் வேற்றுமையைப் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறார்கள்.

8. எந்தத் துறையின் எழுத்து என்று கேளுங்கள்

இதுவரை இரண்டு மூன்று அர்த்தங்கள் மிஞ்சியிருந்தால் துறை ஒன்றைத் தேர்ந்து கொடுக்கும்.

சட்டத்தில் ரேஸ் என்றால் முதன்மையாக உரிமைக்கு உட்பட்டது. ரோமச் சட்ட ஆசிரியர் காயுஸ், தொடக்கூடிய ரேஸ், தொட முடியாத ரேஸ் என்று பிரிக்கிறார். நிலம், ஆடை, பொன் முதல் வகை. வாரிசுரிமை, கடன் போன்றவை இரண்டாவது. தொட முடியாததையும் சேர்த்துக்கொள்வதால் ‘பொருள்’ இங்கே நொண்டும். ‘சொத்து’ மேல். யாருக்கும் உரிமையில்லாத காட்டு விலங்கு ‘ரேஸ் நூல்லீயுஸ்’, உடைமையாளர் அற்றது.

அதே சட்டத்தில் இன்னோர் அர்த்தமும் உண்டு: வழக்கு. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இன் 11ஆம் பிரிவு ‘ரெஸ் ஜூடிகேட்டா’ என்ற கோட்பாட்டைச் சொல்கிறது. ஒருமுறை தீர்ப்பான விவகாரத்தை அதே தரப்பினர் மறுபடி வழக்காக்க முடியாது. தமிழில் ‘முன்தீர்ப்புத் தடை’ என்கிறார்கள். ரேஸுக்கு நிகரான சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல மொழியாக்கம்.

இலங்கையில் ரோமன்–டச்சுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி உரிமையை நிலைநாட்டி, ஆக்கிரமித்தவரிடமிருந்து மீட்கும் வழக்குக்கு அங்கே ‘ரெய் விண்டிகேஷியோ’ என்று பெயர். இந்த ‘ரெய்’ சொத்து. ஆக, ஒரே காணி வழக்கில் ஒரு தரப்பு ‘ரெய் விண்டிகேஷியோ’ என்று வர, மறுதரப்பு ‘ரெஸ் ஜூடிகேட்டா’ என்று தடுத்தால், முதல் ரேஸ் நிலம், இரண்டாவது ரேஸ் வழக்கு.

தத்துவத்தில் டேகார்த் தன்னை ‘ரேஸ் கோகிதான்ஸ்’ என்கிறார். சிந்திக்கும் பொருள். அங்கே தாராளமாகப் ‘பொருள்’ போடுங்கள், வேறு எதுவும் அவ்வளவு பொருந்தாது.

கவிதை வந்தால் அவசரப்படாதீர்கள். வெர்ஜிலின் காவியத்தில் ஈனியாஸ் கார்த்தேஜ் நகரத்துக் கோயிலில் ட்ராய் போர்க்காட்சிகள் தீட்டப்பட்டிருப்பதைப் பார்த்து அழுகிறான். தன் ஊர் அழிந்த கதை தனக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்போது சொல்வது: ‘ஸுந்த் லக்ரிமை ரேரும்.’ கண்ணீர் இருக்கிறது, ரேரும். ‘உடைய’ வேற்றுமை. நடந்தவற்றுக்காகச் சிந்தும் கண்ணீரா? நடந்தவற்றிலேயே ஊறியிருக்கும் கண்ணீரா? லத்தீன் இரண்டையும் திறந்தே வைக்கிறது.

இந்த மாதிரி இடத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிக்காமல், நோட்டில் இரண்டையும் எழுதி வையுங்கள். பொதுவாசகருக்குக் கொடுக்க ஒன்றுதான் வேண்டும் என்றால் ‘பட்ட பாட்டுக்குக் கண்ணீர் உண்டு’ என்பது என் தேர்வு. ‘பட்ட பாடு’ என்பதில் நிகழ்ச்சியும் துயரமும் ஒன்றாகவே இருக்கின்றன. முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ‘பொருள்களின் கண்ணீர்’ என்பதைவிட நல்லது.

9. ஒரு வரியை முழுதாகச் செய்து பார்ப்போம்

என்னியுஸ் என்ற பழைய கவிஞரின் வரி: ‘ஊனுஸ் ஹொமோ நோபீஸ் கூங்க்தந்தோ ரெஸ்திதுயித் ரெம்.’ கி.மு. 217இல் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்ட ஃபாபியுஸைப் பற்றியது. ரோமர்மேல் படையெடுத்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹானிபாலோடு நேரடியாக மோதாமல் நாளைக் கடத்திக் கடத்தியே அவனைத் தளர வைத்தவர்.

கோடு போட்டு எழுதினால்: ‘ஒரு மனிதர், நமக்கு, தாமதிப்பதால், மீட்டுத் தந்தார் ____ஐ.’ ரேஸ்தானா? ஆம், ரெம். வேற்றுமை ‘ஐ’, ஒருமை. பெயரடை? இல்லை. வினை ‘மீட்டு நிறுத்து’. சரிந்து கிடப்பதைத்தான் மீட்டு நிறுத்த முடியும், எனவே சொத்து, பணம், வழக்கு எல்லாம் விழுந்துவிட்டன. நிலைமை, நாடு இரண்டும் மிஞ்சுகின்றன. உறைந்த தொடர்? இல்லை. துறை, போர் பற்றிய காவியம். ‘நமக்கு’ என்று ரோமர் அனைவரையும் சேர்த்துச் சொல்வதால் தராசு நாட்டின் பக்கம் சாய்கிறது.

‘நாளைக் கடத்தியே ஒற்றை மனிதர் நமக்கு நாட்டை மீட்டுத் தந்தார்.’

லத்தீனில் ‘ரெம்’ கடைசிச் சொல். தமிழில் வினைதான் கடைசியில் நிற்கும். அந்த இழப்பை ஈடுகட்ட முயல வேண்டாம். ‘மீட்டுத் தந்தார் நாட்டை’ என்று முறுக்கினால் மேடைப்பேச்சு ஆகிவிடும்.

10. லத்தீனை மூடிவிட்டுத் தமிழை மட்டும் படியுங்கள்

கடைசிப் படி. மூலத்தை மறைத்துவிட்டு உங்கள் தமிழை உரக்கப் படியுங்கள். ‘பொருள்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, லத்தீன் தெரியாத ஒருவருக்கு இது விளங்குமா என்று கேளுங்கள்.

‘பொருள்’ நோயிலிருந்து குணமானவர்களுக்கு அடுத்து வருவது ‘விஷயம்’ நோய். எதற்கும் ஒட்டும் சொல் அது. நான்கு வரிக்குள் இரண்டு ‘விஷயம்’ வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள், எங்கோ ஒரு பெயரடையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். சொல்லையே எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறதா என்றும் பாருங்கள். ‘கெட்ட விஷயங்களில் பொறுமை’ என்பதைவிடத் ‘துன்பத்தில் பொறுமை’ எவ்வளவோ மேல்.

பயிற்சிக்கு ஒரு வரி தருகிறேன். பேச வருபவருக்கு ரோம அரசியல்வாதி மூத்த காத்தோ சொன்னதாக வழங்குவது: ‘ரெம் தெனே, வெர்ப ஸெக்வெந்துர்.’ தெனே என்றால் பிடி, வெர்ப சொற்கள், ஸெக்வெந்துர் பின்தொடரும். போன மாதம் குழுவில் இதைக் கொடுத்தேன். இத்தனை எச்சரிக்கையும் கேட்டுப் பயந்துபோயிருந்த ஒருவர் ‘விவகாரத்தைப் பிடி’ என்று எழுதி, அடித்து, ‘நிலைமையைப் பிடி’ என்று எழுதி, அதையும் அடித்து, கடைசியில் கோட்டை மட்டும் விட்டுவைத்து நோட்டை நீட்டினார். பென்சிலை வாங்கி அந்தக் கோட்டின் மேல் ‘பொருளை’ என்று எழுதிக் கொடுத்தேன்.